அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் நம் பங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கில் இருபது ஆண்டுகளாக மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். என் தம்பிக்கு 41 வயது, டவுன் சிண்ட்ரோம். இந்த இரண்டும் சேர்ந்ததால், ஞாயிறு பூசை முடிந்து வேப்பமரத்தடியில் நிற்கும்போது யாராவது என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஏதாவது கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்தப் பிள்ளைகளை என்ன சொல்லிக் கூப்பிடுவது? எதைச் சொன்னாலும் தப்பாகிறதே?

பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். அரசுக் காகிதத்தில் 'அறிவுசார் குறைபாடு' என்று இருக்கும். பழைய காகிதமாக இருந்தால் 'மனவளர்ச்சி குன்றியவர்'. இரண்டும் விண்ணப்பத்தில் நிரப்புவதற்கான சொற்கள். 'லூசு', 'அரைக்கிறுக்கு' எல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு அவற்றைவிட உறுத்துவது, பக்தியோடு சொல்லப்படும் 'சம்மனசு', அதாவது தேவதூதன். என் தம்பி சம்மனசு இல்லை. பொய் சொல்வான். என் மகள் ஒளித்து வைத்த மிட்டாயைத் தேடிப்பிடித்துத் தின்பான். சவரம் செய்யக் கூப்பிட்டால் கொல்லைப்பக்கம் ஓடுவான். 41 வயது ஆளைக் குழந்தை, தேவதூதன் என்று சொல்லிவிட்டால் பிறகு அவனிடம் எதையும் கேட்டுச் செய்ய வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. இன்றைக்கு எந்தச் சட்டை போடுகிறாய் என்றுகூட.

இதுவும் மனநோயும் ஒன்றா? ஏர்வாடிக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்களே?

வேறு வேறு. அறிவுசார் குறைபாடு வளரும் பருவத்திலேயே தெரியும். கற்பதும், யோசித்து முடிவெடுப்பதும், அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வதும் வயதுக்குத் தக்கபடி வராது. ஆயுள் முழுதும் இருக்கும். பயிற்சியால் நிறைய முன்னேறலாம். மனநோய் எந்த வயதிலும் வரலாம், பெரும்பாலும் மருந்தால் கட்டுப்படும். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கவும் கூடும். அப்போது மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏர்வாடி தர்காவுக்கு நம் கரையில் எல்லா மதத்தாரும் போகிறார்கள், கிறிஸ்தவர்களும்தான். அந்த நம்பிக்கையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியும் முன்னே அங்கிருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. அது எங்கோ யாரோ செய்த கொடுமை என்று நாம் கைகழுவ முடியாது. நம் தெருவிலேயே பிள்ளையைப் பழைய சேலையால் கட்டில் காலோடு கட்டிப்போட்டு மீன் விற்கப் போன தாயை நான் பார்த்திருக்கிறேன். அவளிடம் நியாயம் கேட்கப் போனேன். "நீ வந்து பாத்துக்கிறியா?" என்றாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

யார் செய்த பாவம் இது?

சீடர்களே கேட்ட கேள்விதான். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைப் பார்த்ததும், இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்கிறார்கள். இவனும் இல்லை, இவன் பெற்றோரும் இல்லை என்று இயேசு சொல்கிறார் (யோவான் 9). அதோடு அந்தக் கேள்வி முடிந்திருக்க வேண்டும். நம் ஊரில் முடியவில்லை. கிரகணத்தன்று அரிவாள்மனையைத் தொட்டாயா, யார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாய் என்று பிள்ளை பெற்றவளிடம் இன்னமும் கேட்கிறார்கள்.

மருத்துவக் காரணங்கள் பல. டவுன் சிண்ட்ரோமில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். பிரசவத்தில் மூச்சுத் திணறி மூளைக்குப் பிராணவாயு போகாமல் இருந்திருக்கலாம். மூளைக்காய்ச்சல் வந்திருக்கலாம். பிறக்கும்போதே தைராய்டு சுரப்பு குறைவாக இருந்திருக்கலாம். இந்தக் கடைசியானதை மட்டும் பிறந்த சில வாரத்துக்குள் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் மூளை பாதிக்காமல் தடுத்துவிட முடியும். அதனால் பிரசவமான ஆஸ்பத்திரியில் தைராய்டு சோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள். நெருங்கிய சொந்தத்தில் கட்டுவதும் சில பரம்பரைக் குறைபாடுகளின் வாய்ப்பைக் கூட்டும். இது இனிக் கல்யாணம் பேசப் போகிறவர்களுக்கு. ஏற்கெனவே மாமன் மகனைக் கட்டிப் பிள்ளை பெற்றவளிடம் போய் இதைச் சொல்லாதீர்கள். பாவம் என்ற பழியை எடுத்துவிட்டு அறிவியல் என்ற பழியைப் போட்டதாகிவிடும்.

குணமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப் போகலாமா?

போகலாம். மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு கூட்டத்தில், விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று மேடையிலிருந்து கேட்டார்கள். நம்பி வலிப்பு மாத்திரையை நிறுத்திய தாயின் மகனுக்கு நாலாம் நாள் விட்டுவிட்டு வலிப்பு வந்து, இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிப் போனோம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதானாலும் குறைப்பதானாலும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் அம்மா ஓரியூருக்கு நடந்தே போவார். 1693இல் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட அந்த மண் சிவந்திருக்கும். அதை எடுத்து வந்து தம்பி நெற்றியில் பூசாத வாரம் கிடையாது. அந்தச் செம்மண் பொட்டலமும் அவன் தைராய்டு மாத்திரையும் ஒரே பிஸ்கட் டப்பாவில்தான் இருந்தன. அம்மா இரண்டையும் மறந்ததில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும், தைராய்டு கோளாறும் அதிகம், 40 வயதைத் தாண்டினால் மறதிநோய் சீக்கிரமே வரக்கூடும். ஆகவே வருடம் ஒருமுறை சோதனை அவசியம்.

பூசை நேரத்தில் சத்தம் போடுகிறான், கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டோம். என்ன செய்வது?

வாருங்கள். பிரசங்கத்தின்போது கைபேசி அடித்தால் சும்மா இருக்கிற நாம், ஒரு பிள்ளை 'ஆ' என்றால் மட்டும் ஏன் கழுத்தைத் திருப்புகிறோம்? திரும்பிப் பார்க்கிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: பார்த்தால் சிரியுங்கள், இல்லாவிட்டால் பார்க்காதீர்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயிற்பிள்ளைக்கும் சொல்கிறேன்: அந்தத் தாயை வெளியே போகச் சொல்லிக் கை காட்டுவது உங்கள் வேலை இல்லை.

சத்தம், நெரிசல், வெளிச்சம் இவையே சிலருக்குத் தாங்காது, முக்கியமாக ஆட்டிசமும் சேர்ந்திருந்தால். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். ஞாயிறு பெரிய பூசைக்கு முன்னால் வாரநாள் பூசைக்கு வந்து பழக்குங்கள். ஆள் குறைவு, அரை மணி நேரம்தான். புனித சந்தியாகப்பர் திருவிழாவில் வேட்டு போடும் நேரத்தை முன்கூட்டியே விழாக் குழுவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். என் தம்பி வேட்டுச் சத்தத்தில் ஒருமுறை சப்பரத்துக்கு அடியில் புகுந்துகொண்டான். சப்பரம் தூக்கியவர்கள் இறக்கி வைத்துவிட்டு அவன் தானாக வெளியே வரும்வரை நின்றார்கள். ஊரே நின்றது. அந்த இளைஞர்களுக்கு யாரும் மறைக்கல்வியில் அதைச் சொல்லித் தரவில்லை, நான் உட்பட.

ஒன்றும் புரியாத பிள்ளைக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) கொடுக்கலாமா?

கத்தோலிக்கருக்குச் சொல்கிறேன். கொடுக்கலாம். திருச்சபைச் சட்டம் 777, உடலிலோ மனத்திலோ குறைபாடு உள்ளவர்களுக்கும் அவர்கள் நிலைக்கேற்ற அளவில் மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்கிறது. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2007இல் நற்கருணை பற்றி எழுதிய ஊக்கவுரையின் 58ஆம் பத்தி இன்னும் தெளிவு: திருமுழுக்கும் உறுதிபூசுதலும் பெற்ற இவர்களுக்கு, இயன்ற இடமெல்லாம் நற்கருணை கிடைக்க வேண்டும், உடனிருக்கும் குடும்பத்தின், சமூகத்தின் விசுவாசத்திலும் அவர்கள் அதைப் பெறுகிறார்கள். அமெரிக்க ஆயர்கள் 1995இல் தந்த வழிகாட்டுதல் எனக்கு வகுப்பில் ரொம்ப உதவியது. இது சாதாரணச் சாப்பாடு இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும், அதை வாயால் சொல்ல வேண்டியதில்லை, சைகையிலோ மரியாதையான அமைதியிலோ தெரிந்தாலும் சரி என்பது அதன் சாரம்.

'பத்துக் கட்டளையை ஒப்பிக்கத் தெரியாதே' என்கிறார்கள். ஒப்பிக்கத் தெரிந்த நாற்பது பேரில் எத்தனை பேருக்குப் புரிந்தது என்று வகுப்பெடுக்கும் எனக்குத் தெரியும்.

நான் செய்கிற முறை இது. வசீகரம் செய்யாத (பூசையில் அர்ச்சிக்கப்படாத) அப்பத்தை வைத்து, நாக்கில் அதன் ருசி பழகும்வரை பல வாரம் பயிற்சி. பக்கத்தில் எப்போதும் ஒரே ஆள், ஒரே பெஞ்சு. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சிறு துணுக்குப் போதும். அதுவும் முடியாதென்றால் இரசத்தின் வடிவில் மட்டும் கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சிஎஸ்ஐ சபையில் திருவிருந்து முறை வேறு, அங்கே ஆயரையே கேட்க வேண்டும்.

குடும்பத்துக்கு நாங்கள் என்ன செய்யலாம்? காசு கொடுக்கவா?

காசு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் கொடுக்க வேண்டியது நேரம். எப்போது வருவீர்கள் என்று கிழமையும் மணியும் சொல்லி, அந்தக் கிழமை அந்த மணிக்கு வந்து நிற்பது.

நம் கரை வாழ்க்கையை யோசித்துப் பாருங்கள். அப்பா இரவு கடலுக்குப் போய்விடுவார். அம்மா விடிகாலையில் ஏலத்துக்கோ, கடல்பாசி வளர்க்கும் மிதவைக்கோ, கருவாடு காயப்போடவோ போக வேண்டும். பிள்ளையைத் தனியே விட்டால் ஒருபக்கம் கடல், மறுபக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை. பூட்டிப்போடுகிறார்கள், கட்டிப்போடுகிறார்கள், அல்லது வேலையையே விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்கு மூன்று வயதாக இருக்கும்போது அக்கம்பக்கத்தில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பதின்மூன்று ஆகி மீசை அரும்பினதும் யாரும் கிட்டே வருவதில்லை. அந்த வயதில்தான் அம்மாவின் இடுப்பும் ஒடிகிறது. வளர்ந்த மகனைக் குளிப்பாட்ட, கால் கழுவிவிட, ஒரு ஆம்பிளை வேண்டும். மரியாயின் சேனை அக்காமார் வீட்டுக்கு வந்து செபமாலை சொல்லிவிட்டுப் போகிறார்கள், நல்லது. செபமாலைக்குப் பிறகு யாராவது ஒரு அண்ணன் அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனால் இன்னும் நல்லது.

எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவில், தொடங்கியதைச் சொல்கிறேன். ஆறு குடும்பம். ஆளுக்கு வாரத்தில் ஒருநாள், இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணியில் அம்மா தூங்கலாம், சீரியல் பார்க்கலாம், சும்மா உட்காரலாம். என்ன செய்தாள் என்று யாரும் கேட்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆம்பிளைகள் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பழக்க அதுதான் நேரம். முதல் வருடம் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார். மற்ற இருவர் இன்னமும் வருகிறார்கள். சேலையால் கட்டிப்போட்டதாகச் சொன்னேனே, அந்த வீடுதான் எங்கள் முதல் வீடு.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு, பெல்ஜியத்தில் கேல் என்று ஓர் ஊர் இருக்கிறது. புனித டிம்ஃப்னா கோயிலுக்குக் குணம் வேண்டி வந்தவர்களுக்குக் கோயிலில் இடம் போதாமல் போக, ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் தங்கவைத்தார்கள். பல நூற்றாண்டு ஆகியும் அந்த ஊர்க் குடும்பங்கள் மனநோயாளிகளையும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்கின்றன. சாதாரண விவசாயக் குடும்பங்களாகத் தொடங்கியவைதான்.

எங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு இவர்கள் இருக்கும் இல்லத்துக்குச் சாப்பாடு போடலாமா?

போடுங்கள். ஆனால் லூக்கா 14ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், விருந்து வைத்தால் ஏழைகளையும் ஊனமுற்றவர்களையும் அழைக்கச் சொல்கிறார் இயேசு. பார்சல் அனுப்பச் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு அவர்களை நிற்கவைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதை விட்டுவிடுங்கள். அவர்களும் யாரோ வீட்டுப் பிள்ளைகள்.

இவர்களால் வேலை செய்ய முடியுமா?

என் தம்பி பாசிக் கயிற்றில் நாற்று முடிச்சுப் போடுகிறான். மற்றவர்கள் மூன்று கயிறு முடிக்கும் நேரத்தில் அவன் ஒன்று, ஆனால் அவன் போட்ட முடிச்சு அவிழ்ந்ததில்லை. நெத்திலியில் குப்பை மீன் பொறுக்குவது, வலையில் சிக்கிய பாசியை எடுப்பது, கோயிலில் மணி அடிப்பது, பாட்டுப் புத்தகம் கொடுப்பது எல்லாம் பழகினால் வரும். ஒரு நேரத்தில் ஒரு வேலை, செய்து காட்டி, அதே வரிசையில். கூலி? முடிச்சுக் கணக்குக்கு மற்றவர்களுக்கு என்னவோ அதேதான் அவனுக்கும். டீயும் வடையும் கொடுத்து ஒரு நாள் முழுக்க ஐஸ் பெட்டி தூக்க வைக்கிறார்களே, அதை இரக்கம் என்று என்னிடம் சொல்லாதீர்கள். அவனுக்குக் காசு எண்ணத் தெரியாது என்பது உங்களுக்குக் கூடுதலாக இருக்கிற பொறுப்பு.

அரசு உதவி என்னென்ன உண்டு?

முதலில் அடையாள அட்டை. இராமநாதபுரம் கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மருத்துவ முகாம் நாளைச் சொல்வார்கள். குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று வாங்கினால்தான் மற்றவை நகரும். யுடிஐடி என்ற நாடு முழுவதற்குமான அட்டைக்கும் அப்போதே பதிந்துவிடுங்கள். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். சாதாரண நகரப் பேருந்தில் அவருக்கும் உடன் போகும் ஒருவருக்கும் கட்டணமில்லை. ரயிலில் உடன் போகிறவரோடு சேர்த்துச் சலுகை உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவு கோரலாம். படிப்பு 6 முதல் 18 வயதுவரை இலவசம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் உரிமை அது, தலைமையாசிரியரின் தயவு இல்லை.

பங்கில் இந்த வேலைக்கென்று ஒரே ஒரு ஆள் இருந்தால் போதும். படிவம் நிரப்ப, ஜெராக்ஸ் எடுக்க, பஸ் ஏறிக் கூடவே போக. ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களே, காதில் விழுகிறதா?

எங்கள் காலத்துக்குப் பிறகு அவனை யார் பார்ப்பார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காத தாய் கிடையாது. அவனுக்கு முன்னால் நான் போய்விடக் கூடாது என்று சந்தியாகப்பரிடம் வேண்டுகிற தாய்மார் எனக்குத் தெரியும். அதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது சில உண்டு. மகனுக்கு 18 முடிந்ததும் சட்டப்படி நீங்கள் தானாகவே பாதுகாவலர் ஆகிவிட மாட்டீர்கள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் உத்தரவு வாங்க வேண்டும். வீடு, படகு, வங்கிக் கணக்கு எதிலும் அவன் பங்கு தொலையாமல் இருக்க இது உதவும். கூடப்பிறந்தவர்களிடம் இப்போதே வாய்விட்டுப் பேசுங்கள். தங்கச்சி பார்த்துக்கொள்வாள் என்று நீங்களாக நினைத்துக்கொண்டிருப்பது வேறு, அவள் ஒத்துக்கொள்வது வேறு.

இல்லத்தில் சேர்ப்பது பாவமா என்றும் கேட்கிறார்கள். இல்லை. முடியாதவர்கள் முடியாது என்று சொல்வதில் என்ன பாவம்? ஆனால் 2016 சட்டப்படி பதிவுச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் போங்கள். கழிப்பறையை முகர்ந்து பாருங்கள். பெற்றோர் வந்து பார்க்கும் நாளுக்குக் கணக்கு வைத்திருந்தால் வேறு இடம் தேடுங்கள். சேர்த்த பிறகு அவன் பங்குக்குத் தொலைந்தவன் ஆகக்கூடாது. திருவிழாவுக்கு அவனைக் கூட்டிவர அன்பியத்திலிருந்து ஒருவர் போக வேண்டும்.

சாமியார், சிஸ்டர், தொண்டர் என்றால் நம்பி விட்டுவிடலாமா?

கூடாது. 1964இல் பிரான்சில் ஜான் வனியே அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு சேர்ந்து வாழ்வதற்காக 'லார்ஷ்' என்ற கூட்டு இல்லத்தைத் தொடங்கினார். உலகமெங்கும் பரவியது, இந்தியாவிலும் 'ஆஷா நிகேதன்' என்ற பெயரில் இருக்கிறது. அவரை உயிரோடிருக்கும் புனிதர் என்றார்கள். 2019இல் இறந்தார். மறுவருடமே லார்ஷ் தானே விசாரணை நடத்தி, அவர் பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதை வெளியிட்டது. 2023 அறிக்கையில் அந்தப் பெண்களின் எண்ணிக்கை 25க்குக் குறையவில்லை. பாதிக்கப்பட்டதாக அறிக்கையில் வந்த பெண்கள் குறைபாடு உள்ளவர்கள் இல்லை. ஆனாலும் புனிதர் என்ற பேர் எவ்வளவு காலம் எவ்வளவை மறைக்கும் என்பது தெரிகிறதல்லவா? அந்த இல்லங்களில் நடக்கும் நல்ல வாழ்க்கை பொய்யாகிவிடவில்லை. தன் தகப்பனைப் பற்றியே உண்மையைச் சொன்ன நிறுவனம் அது என்பதையும் நான் மறக்க மாட்டேன்.

ஆகவே, பிள்ளையோடு பூட்டிய அறையில் யாரும் தனியாக இருக்கக் கூடாது, யாராக இருந்தாலும். திடீரென்று ஒருவரைக் கண்டு ஒளிந்தால், குளிக்க மறுத்தால், படுக்கையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால் விசாரியுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் 1098, குழந்தைகள் உதவி எண். வளர்ந்த பெண்ணாக இருந்தால் போலீஸ் வீட்டுக்கே வந்து, சிறப்பு ஆசிரியரை வைத்துக்கொண்டு, வீடியோவில் வாக்குமூலம் பதிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை இது.

அண்ணன் இப்படி இருந்தால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையுமா?

டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. மற்றக் காரணங்களுக்கு, சந்தேகம் இருந்தால் மரபணு ஆலோசனை கேட்கலாம். பதில் அவ்வளவுதான். ஆனால் நீங்கள் கேட்பது மரபணுவைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று தம்பியைப் பாம்பனில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். அவனுக்கு 18 வயது. பஸ் ஏற்றும்போது புதுச்சட்டை போட்டுவிட்டதால் அவனுக்கு ஒரே சந்தோஷம். வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கோயிலில் கல்யாண ஓலை வாசித்த வாரம் யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "கல்யாணத்தன்னைக்கு அவன் எங்க உக்காருவான், மாமா? எங்க அம்மா பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுருவோமா?" என்று கேட்டார்.

எல்லா மாப்பிள்ளையும் அப்படி இருக்கமாட்டார்கள். ஒளித்து வைத்து முடித்த கல்யாணங்கள் எப்படி ஆயின என்றும் பார்த்திருக்கிறேன். முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளையை வீட்டிலேயே வைத்திருங்கள், கேசரியில் ஒரு தட்டு அவனுக்கும்.

உங்கள் தம்பியைப் பார்க்க வரலாமா?

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பான். மிட்டாய் வாங்கி வராதீர்கள், சர்க்கரை இருக்கிறது. கேரம் ஆடத் தெரிந்தால் வாருங்கள். வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவான், அப்புறம் பேச மாட்டான்.